ஐப்பசியில் வெந்நீர்

வருஷத்துக்கு ஆறு பருவம் என்று நூல்களில் எழுதியிருப்பதை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எங்களுக்கு இருந்த பருவங்கள் வேறு. சித்திரை வெயிலில் உடம்பு கொதிக்கிறது என்று எண்ணெய் தேய்த்து உட்காரவைக்கும் பருவம் ஒன்று. ஆனி ஆடியில் மேற்கே சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குப் போய் அருவிக்குள் தலையைக் கொடுக்கும் பருவம் ஒன்று. அங்கே போனவர்கள் வருஷம் முழுவதற்கும் போதுமான ஆரோக்கியத்தை வாங்கி வந்ததாகச் சொல்வார்கள். கூடவே வாங்கி வந்த ஜலதோஷத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். புரட்டாசியில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி விளக்கெண்ணெய் கொடுப்பது ஒரு பருவம். அன்று மனிதர்களுக்குள் பெரியவர் சின்னவர் என்ற பேதம் இருக்காது. மார்கழியில் பனி காது வழியாக ஏறாமல் தலையில் துணி கட்டிக்கொண்டு, ஊர் முழுவதும் பல்வலிக்காரர்கள்போல் நடமாடுவது இன்னொரு பருவம்.

ஐப்பசிக்கு மட்டும் சரியான மருந்து இல்லை. லேகியம் உண்டு, கஷாயம் உண்டு, சுக்கு உண்டு. ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட்ட பிறகும் பயம் அப்படியே இருக்கும். ஆற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கி வரும். அணையைத் தாண்டி விழுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். அதே வாரத்தில் எங்கேயாவது ஒரு தெருவில் வாந்திபேதி என்று யாராவது வாய்க்குள் சொல்வார்கள்.

எங்கள் முதல் குழந்தை, பையன், அப்படி ஓர் ஐப்பசியில் போனான். காலையில் வயிறு இளகியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. என் மனைவி பேசவில்லை, எங்களோடு இருந்து அடுப்படியை ஆண்டுகொண்டிருந்த என் விதவை அக்காள் பேசவில்லை. கோர்ட்டில் பேசுவதற்கென்றே படித்த நானும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் பிறந்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய வருஷத்து ஐப்பசியைப் பற்றித்தான் சொல்கிறேன். அவளை அந்த மழைக்காலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு கவலை தவிர எனக்கு அப்போது வேறு வேலை இல்லை. கோர்ட்டில் என் கட்சிக்காரர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

அப்போது நான் ஸ்ரீவைகுண்டத்தில் சின்ன வக்கீல். சின்ன வக்கீல் என்றால் வயதில் மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்து வயல்களெல்லாம் எனக்கு முந்தியவர்கள் காலத்திலேயே வேறு பெயர்களுக்குப் போய்விட்டதால், சட்டத்தைச் சாகுபடி செய்ய வந்திருந்தேன். விளைச்சல் சுமார். ஆகவே புத்தகம் படிக்க நிறைய நேரம் இருந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே படிப்பேன். உட்கார்ந்தால் குழந்தை ஞாபகம் வந்துவிடும். எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன். அவள் அந்த வயதுக்கு நாக்கு நீட்டுவதில் பெரிய தேர்ச்சி பெற்றிருந்தாள். தெருவில் போகிற பெரியவர்களிடமும் அதைக் காட்டி எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தாள்.

ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்த வருஷம் மாற்றலாகி வந்திருந்த டாக்டர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் தோணியில் பிழைத்தவர்கள். "நான் ஒருத்தன்தான் கரையில நிண்ணுக்கிட்டு முழுகுதேன்" என்பார். ஐப்பசி பிறக்கப் போகிற சமயத்தில், குழந்தைக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று அவரிடம் ஒரு பட்டியலோடு போனேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"நீரு ஆயிரம் கஷாயம் குடியும், வே. நான் வேண்டாம்னு சொல்லல. குடிக்கித தண்ணிய மட்டும் கொதிக்க வச்சுக் குடியும்" என்றார்.

"கிணத்துத் தண்ணி இல்ல டாக்டர். நாங்க ஆத்துத் தண்ணிதான் குடிக்கோம்."

"அதத்தான் சொல்லுதேன். மேல பாவநாசத்துல இருந்து இங்கன வரைக்கும் கரையில எத்தன ஊரு இருக்கு? அம்புட்டு ஊரும் குளிச்சு, தொவச்சு, மாடு களுவின மிச்சத்ததான் நீரு தீர்த்தம்னு குடிக்கீரு."

எனக்குக் கோபம் வந்தது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவனிடம் அந்தத் தண்ணீரைக் காய்ச்சச் சொல்வது, தாய்ப்பாலை வடிகட்டச் சொல்வதற்குச் சமம். பொதிகையில் பிறந்து, மூலிகை வேர்களைத் தொட்டுக்கொண்டு, தாமிரச் சத்தோடு இறங்கி வருகிற தண்ணீர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே படித்துவிடுகிறோம். கலங்கல் தண்ணீர் வந்தால் குடத்துக்குள்ளே தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைப்போம். மண் அடியில் தங்கிவிடும், மேலே பளிங்கு. அதற்கு மேல் சுத்தம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர் எங்கள் ஆற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சென்னையிலிருந்து சுகாதாரப் புத்தகங்கள் இரண்டு வரவழைத்தேன். இரண்டும் டாக்டர் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லின. படித்து முடித்ததும், புதிதாக மதம் மாறியவனுக்கு வரும் வேகம் எனக்கும் வந்துவிட்டது.

அக்காளிடம் போய் நின்றேன். எதிர்க்கட்சி எப்படியெல்லாம் வாதாடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஆத்தை வேக வச்சுக் குடிக்கணுமாக்கும். சரி, வேக வைப்போம்" என்றாள்.

அவ்வளவுதான். அத்தனை சுலபமாக ஜெயித்த வழக்கைப் பற்றி வக்கீலுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து செப்புத் தவலை அடுப்பில் ஏறியது. மழையில் விறகெல்லாம் நனைந்திருந்தது. புகையில் வீடு முழுவதும் இருமியது. அக்காள் கண் சிவக்க ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் போய்த் தவலைக்குள் எட்டிப் பார்த்து, குமிழி வருகிறதா என்று கேட்பேன். "வரும்லே, அங்கன போய் உக்காரு" என்பாள். உட்காரமாட்டேன். குமிழி வந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கோர்ட்டுக்குக் கிளம்புவேன்.

கொதித்த தண்ணீர் சப்பென்று இருக்கும், குடிக்க மனம் வராது, ஆனாலும் பழகிக்கொள்ள வேண்டும் என்று புத்தகம் எச்சரித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. இளஞ்சூட்டில், ஆற்றுத் தண்ணீரின் ருசி கொஞ்சமும் குறையாமல், தொண்டைக்கு இதமாக இருந்தது. இதை எங்கள் நதியின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன். டாக்டரைப் பார்த்தபோது பெருமையாகவே சொன்னேன்: "எங்க தண்ணிக்குக் கொதிச்சாலும் உயிர் போகாது டாக்டர்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொறாமை என்று நினைத்தேன்.

பிறகு தெருவுக்கே உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் ஒரு கருப்பட்டி வியாபாரி இருந்தார், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. காலையில் என் தலையைக் கண்டதும் ஆரம்பிப்பார்.

"என்ன வக்கீலய்யா, ஆத்த அடுப்புல ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு, அண்ணாச்சி."

"உப்புப் போட்டீரா?"

"எதுக்கு?"

"இம்புட்டுச் சிரமப்பட்டு வேக வைக்கீரே. ரெண்டு மொளகு தட்டிப் போட்டா ரசம்னாவது சொல்லலாம்லா?"

தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்க் குழந்தையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம். வயிறு இளகாமல் இருந்தால் போதும்.

ஐப்பசி நடுவில் நோய் ஊருக்குள் வந்தது. முதலில் கீழத்தெருவில் ஒரு வீடு. பிறகு அதற்கு அடுத்த வீடு. தண்டோரா போட்டார்கள். கிணறுகளில் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. கோர்ட்டில் சாட்சிகள் வரவில்லை. அண்ணாச்சி ஒரு நாள் சாயங்காலம் மழையில் குடைபிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, பைய கேட்டார்: "எம்புட்டு நேரம் கொதிக்கணும் வே?" நான் சொன்னேன். அவர் கிண்டல் செய்யாமல் கேட்டுக்கொண்டு போனதும், உள்ளே போய்க் குழந்தையின் வயிற்றை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் குழந்தைக்கு வயிறு இளகியது.

ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். என் மனைவி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பயப்படாத. நம்ம வீட்டுல காய்ச்சின தண்ணிதான். பல் முளைக்கிதுல்லா, அதா இருக்கும்" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். சொன்ன வாயோடு வாசலுக்குப் போனேன், திரும்பினேன், முற்றத்தைச் சுற்றினேன். நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. கடைசியில் அடுப்படிப் பக்கம் போனேன்.

தவலை அப்போதுதான் கொதித்து இறங்கியிருந்தது. அக்காள் ஆற்றிலிருந்து வந்த குடத்தில் ஒரு செம்பை முக்கி எடுத்து, ஆவி பறக்கும் தவலைக்குள் ஊற்றினாள். மறுபடி முக்கினாள், மறுபடி ஊற்றினாள். கையை விட்டுச் சூடு பார்த்தாள்.

"என்னக்கா செய்யுத?"

"கண்ணு இல்லையா? விளாவுதேன்."

"குடிக்கித தண்ணியவா?"

"குடிக்கித தண்ணின்னா அது வெந்நி இல்லைன்னு ஆயிருமா? வெந்நின்னா விளாவணும்."

"தெனமுமா விளாவுன?"

"பின்ன? முத நாள்ல இருந்து விளாவித்தான் வைக்கேன். விளாவாத வெந்நிய எந்த வீட்டுல வைப்பாவ தெரியுமாலே? எழவு விழுந்த வீட்டுல வைப்பாவ. பிள்ள இருக்க வீட்டுல நான் வைப்பேனா?"

எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கம் இருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. குளிக்கிற வெந்நீரானாலும் சரி, பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற வெந்நீரானாலும் சரி, ஒரு கை பச்சைத் தண்ணீராவது அதில் விழுந்தால்தான் அது வாழ்கிற வீட்டு வெந்நீர். வெறும் வெந்நீரை அப்படியே எடுத்து வைப்பது துக்க வீட்டுக் காரியம். நானும் பிறந்தது முதல் விளாவிய வெந்நீரில்தான் குளித்து வந்திருக்கிறேன். ஆனால் நான் படித்த இரண்டு புத்தகங்களும் வேறு தேசத்தில் எழுதப்பட்டவை. கொதித்த தண்ணீருக்கு உயிர் கொடுப்பதற்காக அதில் ஆற்றைக் கலக்கிற ஓர் அக்காள் இருப்பாள் என்று அவற்றில் எங்கும் எழுதவில்லை.

மழையில் குடை எடுக்காமல் ஓடினேன். டாக்டர் கீழத்தெருவிலிருந்து திரும்பி வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதான் உம்ம தண்ணிக்கு உயிரு போகலையா" என்றார். சிரிக்கவில்லை. என்னோடு நடந்தே வந்தார்.

குழந்தையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பார்த்தார். வாய்க்குள் விரலை விட்டு ஈரம் பார்த்தார்.

"வாந்தி உண்டா?"

"இல்ல" என்றாள் மனைவி.

"இப்போதைக்குக் கண்ணு குழி விழல. வத்தவிடக் கூடாது, அதான் முக்கியம். கஞ்சித் தெளிவுல உப்புப் போட்டு ஊட்டுங்க. காய்ச்சின தண்ணிய ஒரு பாலாடை, ரெண்டு பாலாடைன்னு விடாம குடுங்க. பச்சத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "உம்ம குசினியில சொல்லிரும். அந்தியில வாரேன்" என்று சொல்லிவிட்டு வேறு தெருவுக்குப் போனார். அன்று அவரை எல்லாத் தெருவிலும் தேடினார்கள்.

நானே அடுப்பில் புதுத்தண்ணீர் ஏற்றினேன். கொதித்தது. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு திரும்பினால், அறை வாசலில் அக்காள் பச்சைத்தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"அத உள்ள கொண்டு போகாத."

"அக்கா, டாக்டர் சொன்னது உன் காதுலயும் விழுந்துதுல்லா?"

"விழுந்துது. அவரு ஊருல எப்படியோ. பிள்ள படுத்திருக்க எடத்துல விளாவாத வெந்நிய நான் விட மாட்டேன். ஒரு கை விடுதேன், அப்புறம் குடு."

"அந்த ஒரு கையிலதான் எல்லாம் இருக்கு."

"இத்தன நாளு அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான நீ வக்கீலுக்குப் படிச்ச?"

கோர்ட்டில் இந்த மாதிரி கேள்விக்கு ஆட்சேபணை சொல்லலாம். வீட்டில் முடியாது. என் கையிலிருந்த கிண்ணம் சுட்டது. உள்ளே குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டி அழுதது. நான் குரலை உயர்த்தினேன், அவளும் உயர்த்தினாள். இரண்டு பேரும் ஒரே பயத்தைத்தான் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு அவள் மேல் இருந்தது வெறும் ஆத்திரம்.

மனைவி உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மதினி," என்றாள், "போன பிள்ளைக்கும் வெந்நிய விளாவித்தான குடுத்தோம்."

அவன் போன பிறகு அவனைப் பற்றி அந்த வீட்டில் பேசிய முதல் வார்த்தை அது. அக்காள் கையில் இருந்த செம்பு கொஞ்சம் சாய்ந்து, தண்ணீர் அவள் கால்மேல் ஒழுகியது. அவள் கவனிக்கவில்லை.

"நானும் வேண்டாம்னு சொல்லல" என்றாள் மனைவி, முன்னைவிடத் தாழ்ந்த குரலில். "விளாவத்தான வேணும்? காய்ச்சினதுலயே ஒரு செம்ப ஆத்தி வைப்போம். ஆறினா அதும் பச்சத்தண்ணிதான. அத வச்சு நீங்களே விளாவுங்க. உங்க கையாலயே குடுங்க."

அக்காள் என்னைப் பார்த்தாள். "ஆறின வெந்நி பச்சத்தண்ணி ஆகுமாலே?"

வாழ்க்கையில் நான் சொன்ன சட்ட அபிப்பிராயங்களில் இதை மட்டும்தான் யோசிக்காமல் சொன்னேன்: "ஆகும்."

அவள் முகத்தில் சம்மதம் தெரியவில்லை. ஆனால் வாசலை விட்டு நகர்ந்தாள்.

ஒரு செம்பு வெந்நீர் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டாம். குழந்தை தாகத்தில் அழும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். இரண்டு செம்பை எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தூக்கித் தூக்கி ஊற்றினேன். விரல் வெந்தது. பாதி என் வேஷ்டியில் விழுந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. முற்றத்தில் மழை பிடிக்கிற அண்டாவுக்குள் செம்பைக் கழுத்தளவு இறக்கி, ஒரு சொட்டு மழைத்தண்ணீர் உள்ளே விழாமல் தாம்பாளத்தால் மூடிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். என் தலையில் மழை பெய்தது. எங்கள் வாசல் திறந்து கிடந்தது; எதிர்வீட்டு அண்ணாச்சி தன் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் ஆறியது. அக்காள் அந்தச் செம்பை வாங்கி, வழக்கப்படி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பிலிருந்து புதிதாகக் கிண்ணத்தில் எடுத்த வெந்நீரில் கொஞ்சம் ஊற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்து, விளாவினாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையால் புகட்டினாள். பிறகு கஞ்சித் தெளிவு. பிறகு மறுபடி தண்ணீர். அவளும் மனைவியும் மாறி மாறிப் புகட்டினார்கள். நான் அறைக்கும் முற்றத்துக்கும் நடந்தேன்.

"ஒரு எடத்துல இரும். பிள்ளைக்குத் தல சுத்துது" என்றாள் அக்காள். நான் வக்கீலான பிறகும் என்னை அவள் 'லே' போட்டுத்தான் பேசியிருக்கிறாள். இந்த மரியாதையான 'இரும்' எனக்கு நிம்மதி தரவில்லை, மேலும் நடந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தரம் போயிற்று. பிறகு இல்லை. குழந்தை தூங்கியது. தூங்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று தெரியவில்லை. மூக்குக்கு நேரே புறங்கையைக் கொண்டுபோனேன். மனைவி கையைத் தட்டிவிட்டாள். அவள் பார்க்காதபோது மறுபடி கொண்டுபோனேன். விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. அக்காள் விளக்கைத் துடைத்தாள், திரி போட்டாள், ஏற்றாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் குழந்தை விழித்து அழுதது. காலையில் கேட்ட அழுகை இல்லை. காலை உதைத்துக்கொண்டு, மூச்சுப் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதது. டாக்டர் அந்த நேரத்துக்குத்தான் வாசலில் குடையை மடக்கினார். உள்ளே வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இது பசி. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. உம்ம குசினியில இருக்கு" என்றார்.

"அப்போ இது அந்த நோய் இல்லையா டாக்டர்?"

"தெரியல, வே. தெரியாதத தெரிஞ்ச மாதிரி பேசுதது உம்ம தொழிலு. பிள்ளைக்குச் சோத்தக் குழைச்சுக் குடும். இந்த மழை முடியுத வரைக்கும் தண்ணிய இதே மாதிரி குடும்."

அக்காள் விளக்கை ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டாள். ஆற்றுத் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இத என்ன செய்ய?"

"அத வெளியில வச்சிரு அக்கா. தவறிப்போய் யாரும் மோந்துரக் கூடாது."

"வெளியிலயா? ஆத்துத் தண்ணிய வெளியில வைக்க அது என்ன பாவம் செஞ்சுது?"

அவள் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே சுவாமி அறைக்குப் போய் வைத்தாள். அபிஷேகத்துக்கு அது; எங்களுக்குக் காய்ச்சி, ஆற்றி, அதிலேயே விளாவினது. சுவாமிக்கு வாந்திபேதி வராது என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் நாங்கள் ஒத்துப்போனோம்; அந்த ஏற்பாட்டின்படியே ஐப்பசி முடிந்தது, கார்த்திகையும் கடந்தது.

அன்று ராத்திரி குழந்தை குழைந்த சோற்றில் பாதியைத் தின்று, மீதியை அக்காளின் முந்தானையில் தேய்த்துவிட்டுத் தூங்கிப் போனாள். நான் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

"கைய எடுங்க. நல்லாத் தூங்குதா, முழிச்சிருவா" என்றாள் மனைவி.

எடுத்தேன். வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தேன். இந்தத் தரம் அவள் கையும் அங்கேதான் இருந்தது.